ஐயாவுக்கு ஒரு போர்வை

அம்மா மறைந்து மூன்று ஆண்டுகளாக அவருடைய றங்குப் பெட்டியை எவரும் திறக்கவில்லை. கூறைச் சேலை அவருடனேயே போய்விட்டது. பட்டுச் சேலைகள் இரண்டையும் என் தமக்கையார் எடுத்துச் சென்றார். எஞ்சியவை பதினொரு நூற்சேலைகள். அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கஞ்சி போட்டு உடுத்திச் சென்றவை அவை. சென்ற ஐப்பசி மாரியில் ஏதோ நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். கஞ்சியின் சுவைக்குப் பூச்சி வந்துவிட்டிருந்தது. ஒரு சேலை சல்லடையாய்க் கிடந்தது. இப்படியே மூடி வைத்திருப்பின் மற்றவற்றையும் இழப்போம் என்று எனக்குப் பட்டது.

ஐயாவுக்கு 84 வயது. பனிக் காலத்தில் விடியற்புறம் அவர் நடுங்குவதை நான் அறிவேன். கடையில் வாங்கிய கம்பளியைக் 'கடிக்கிறது' என்று காலால் தள்ளிவிடுவார். அம்மா இருந்த காலத்தில் பழஞ்சேலை ஒன்றை நான்காக மடித்துப் போர்த்துவிடுவார். அதற்கு மட்டும் அவர் மறுப்புச் சொன்னதில்லை. ஆகவே, அந்தச் சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்து ஒரு போர்வை தைத்துக் கொடுக்க எண்ணினேன்.

ஐயா ஒப்பவில்லை. "வேண்டாம் பிள்ளை. அவ உடுத்ததை வெட்டுறதோ? கிடக்கட்டும்" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. சேலைகளை வெயிலில் காய வைப்பதற்காக ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கரை போட்ட நீலச் சேலை ஒன்று நீளம் குறைந்து, முந்தானை இல்லாமல் வந்தது. அதைக் கண்டதும் ஐயா கதிரையை இழுத்துக்கொண்டு அருகே வந்தார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு. வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அந்த இரவை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே எங்களுக்கு விடிந்துவிட்டது. கைதடியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். அங்கே, யாரோ எவரோ, ஓர் இளந்தாய் கைக்குழந்தையை நிலத்தில் கிடத்த மனமின்றி நின்றுகொண்டிருந்தாள். அம்மா சைக்கிள் கரியரில் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து, அந்த நீலச் சேலையில் இரண்டு யார் அளவை ஒரே இழுப்பில் கிழித்தார். விறாந்தை வளையில் ஏணை கட்டிக் குழந்தையை அதில் இட்டபோது அது அழுகையை நிறுத்தியது. மறுநாள் நாங்கள் சாவகச்சேரிக்கு நடந்தோம். ஏணை அங்கேயே தொங்கியது.

ஐயா கிழிந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நெடுநேரம் இருந்தார். பிறகு, "இதை அவவே கிழிச்சவ. நீயும் கிழி" என்றார்.

தையற் பழக்கமுள்ள சகோதரிகள் என் பிழையைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். வெட்டுமுன் ஒவ்வொரு சேலையையும் தனித்தனியே நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறவிட்டேன். சிவப்புக் கரையொன்று அழுது, வெண்ணிற வாயில் சேலையெங்கும் இளஞ்சிவப்புத் திட்டுகள் படிந்தன. அவற்றை மறைக்க வழி இருக்கவில்லை.

காட்போட் மட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, அதை வைத்தே எல்லாவற்றையும் அளந்தேன். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, ஆறு அங்குலம் மிஞ்சும். அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதினான்கு. ஆக 140 சதுரங்கள். அடிப்பக்கத்துக்குச் சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை ஒன்றை இரண்டாக வெட்டி நடுவே மூட்டினேன். இடையிலே கனத்துக்காக ஐயாவின் பழைய வேட்டிகள் இரண்டை விரித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. வெளியே தெரியவும் தெரியாது. சதுரங்களை மெஷினில் மூட்டிய பின், மூன்று படையையும் கையால் ஓட்டத் தையல் போட்டு இணைத்தேன். இங்கேதான் பொறுமை வேண்டும். புதிய தடித்த நூல் பழந்துணியை அறுத்துவிடும். மெல்லிய பருத்தி நூலையே கொள்ள வேண்டும், இழுத்து இறுக்கவுங் கூடாது.

வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா' என்னும் போர்வைக்குச் சேலைக் கரையிலிருந்தே நிற நூலை உருவி எடுப்பார்களாம். ஜசிமுத்தீன் என்ற வங்கக் கவிஞர் 1929இல் வெளியிட்ட கதைப் பாடலில், கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தி தன் வாழ்க்கை முழுவதையும் அவ்வாறான போர்வையொன்றில் தைத்து வைக்கிறாள். நானும் அம்மாவின் பச்சைக் கரையிலிருந்து நூல் உருவிப் பார்த்தேன். சாணுக்கு ஒரு தடவை அறுந்தது. நீலச் சதுரம் ஒன்றை மட்டும் அந்த நூலால் தைத்து முடித்துவிட்டு, மற்றவற்றுக்குக் கடை நூலையே எடுத்தேன்.

கார்த்திகையில் தொடங்கியது தை பிறந்த பின்னர்தான் முடிந்தது. ஐயா மடியில் விரித்துப் பார்த்தார். புகழ்ந்து ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் படலம் விழுந்தமையால் நிறங்கள் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஆயினும், "இது கொஞ்சம் வழுவழுப்பு, வாயில். இது கைத்தறி" என்று ஒவ்வொரு சதுரமாக விரலால் படித்துக்கொண்டு போனார். நீலத்தில் தையல் முடிச்சுகளாய் இருந்த இடத்தில் விரல் நின்றது. "இந்த மூலை தலைமாட்டுக்கு வரட்டும்" என்றார்.

மாசி மாதம் என் மகள் தன் நான்கு மாதக் குழந்தையுடன் வந்திருந்தாள். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்க்கையில் போர்வை விறாந்தையில் விரிந்திருந்தது. நடுவே குழந்தை, அருகே ஐயா. என் இரண்டரை மாத உழைப்பில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"வேறு துணி இல்லையா, ஐயா?"

"இந்தச் சேலைக்கு இது பழக்கம் தானே" என்றார்.

கழுவிக் கொடியில் போட்டேன். இம்முறை சாயம் போகவில்லை. அடிப்பக்கம் காய்ந்ததா, திருப்பிப் போட்டாயா என்று மாலைவரை விறாந்தையிலிருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார்.