சொங்ஸ்வான் ஏரிக்கரையில் தடி சீவும் பிள்ளைகள்

ஒஸ்லோவில் சின்னப் பிள்ளைகளோடு எங்கே போகலாம் என்று கேட்டால், ஆப்ரா மாளிகை, விகேலான் பூங்கா என்றுதான் முதலில் சொல்லுவோம். இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் நாலைந்து வயதுப் பிள்ளை எதையாவது பார்த்துப் பழகிக்கொண்டு வர வேண்டும் என்றால் நான் சொல்லுவது சொங்ஸ்வான் ஏரி.

ஐந்தாம் இலக்க ட்டி-பானே ரயிலின் கடைசித் தரிப்பிடம் அது. எங்கட ஆட்கள் பலர் இருக்கிற றொம்மன், ஸ்தூவ்னர் பக்கம் ஓடுகிறதும் அதே இலக்க ரயில்தான். இறங்கிச் சில நிமிடம் நடந்தால் ஏரி. அதற்கு அங்கால நூர்மார்க்கா காடு. ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 3.3 கிலோமீற்றர், அநேகமாகச் சமதரைதான். பிள்ளை வண்டிலையும் தள்ளிக்கொண்டு போகலாம். நுழைவுச்சீட்டு இல்லை. காட்டில் எல்லோரும் நடந்து திரியும் உரிமையை இந்த நாடு 1957 இலேயே சட்டமாக எழுதி வைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கோ. கரையோரம் ஒரு நோர்வே அப்பா தடி சீவிக்கொண்டிருப்பார். பக்கத்தில் அவருடைய பிள்ளையும் கையில் சின்னக் கத்தியோடு இருக்கும். சிறுவர்களுக்கென்றே நுனி மழுங்கிய, விரல் வழுக்காமல் தடுப்பு வைத்த கத்திகள் விற்கிறார்கள். விதிகள் மூன்றுதான்: இருந்துகொண்டுதான் சீவ வேண்டும், உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும், எழும்பினால் கத்தி உறைக்குள் போக வேண்டும். பார்ணஹாகே பலதிலும் இதைத்தான் பழக்குகிறார்கள்.

எங்களுக்கு முதலில் நெஞ்சு பதறும். "கத்தி, தொடாதே" என்று கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆனால் ஊரில் எங்கட அம்மாமார் சமையல் பழகினதும் இப்படித்தானே. அம்மம்மா திருவலையில் தேங்காய் துருவ, பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்கள். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. இன்று எங்கட வேலையைப் பிள்ளை பார்க்க முடியாது. நான் கோட் எழுதுவதும், பில் கட்டுவதும், சும்மா வீடியோ பார்ப்பதும் என் பிள்ளைக்கு ஒரே காட்சிதான்: அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பார்த்துப் படிப்பது என்றால் வெறும் கொப்பி அடிப்பது இல்லை. ஹங்கேரிய ஆய்வாளர் கெர்கெலியும் அவருடைய குழுவும் 2002 இல் 14 மாதக் குழந்தைகளுக்கு ஒரு காட்சியைக் காட்டினார்கள். ஒரு பெண் நெற்றியால் அழுத்தி விளக்கைக் கொளுத்துகிறார். அவருடைய கைகள் சும்மா இருந்தபோது, பார்த்த பிள்ளைகளில் 69 வீதம் தாங்களும் நெற்றியால் அழுத்தின. அவர் போர்வையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தபோது 21 வீதம்தான் அப்படிச் செய்தன, மற்றவை கையைப் பாவித்தன. கதைக்கவே தெரியாத வயதில் அதுகள் 'ஏன் இப்படிச் செய்கிறா' என்பதையும் சேர்த்துப் பார்க்கிறதுகள்.

அதனால்தான் நெருப்பு மூட்டும் இடத்தில் அவ்வளவு கேள்வி வரும். "ஏனப்பா பெரிய விறகை முதல் வைக்கேல்லை?" "ஊதினா ஏன் அணையேல்லை?" பதில் சொல்லப் போனால் சொற்கள் தானாக வரும்: சுள்ளி, விறகு, தணல், சாம்பல், சீவு, முறி, ஊது. தமிழ்ப்பள்ளிப் புத்தகத்தில் 'தணல்' என்று வாசித்தால் அது பரீட்சைக்கு. கண் முன்னால் சிவந்து கிடக்கிறதைக் காட்டிச் சொன்னால் அது மறக்காது. எங்களைப் போல இங்கே வளர்ந்த பெற்றோர் பலருக்குத் தமிழ் சாப்பிடு, படு, வெளிக்கிடு என்ற கட்டளைகளாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. வீட்டில் கதைக்கக் கட்டளை மட்டும்தான் இருந்தால் பிள்ளையும் அதைத்தான் பழகும். சேர்ந்து ஒரு வேலை செய்தால்தான் மற்றச் சொற்களுக்கு இடம் கிடைக்கும்.

போகும்போது ஒன்றைக் கவனியுங்கோ. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டில் நெருப்பு மூட்டுவதற்குப் பொதுவாகத் தடை. அதற்கென்று ஒதுக்கிய இடங்களை மட்டும் பாவியுங்கோ, அங்கேயும் அன்றைய அறிவித்தலைப் பாருங்கோ. பொல்ஸேயோடு கொஞ்சம் ரொட்டி மாவும் குழைத்துக் கொண்டு போங்கோ. நோர்வேக்காரர் போல அதைத் தடியில் சுற்றித் தணலில் சுடலாம். தடியைப் பிள்ளை சீவட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து இன்னொன்றைச் சீவுங்கோ.

ஏதாவது சொல் வராவிட்டால் அங்கிருந்தே அம்மம்மாவுக்கு ஒரு கோல் எடுத்துப் பிள்ளைக்கு முன்னாலேயே கேளுங்கோ. தெரியாததைக் கேட்டுப் பழகுவதையும் அது பார்க்கத்தானே வேணும்.