பன்னிக்கறியின் ருசி குடலில் தொடங்குகிறது!

கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனிக்கிழங்குக்கு மீன்கறிதான் பொருத்தமான ஜோடி. ஆனால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வந்துவிட்டால் பல வீடுகளில் அந்த இடத்தைப் பன்னிக்கறி பிடித்துக்கொள்ளும். கறி ருசித்தால் சமைத்தவருக்குப் பாராட்டு; வாடை அடித்தால் அவருக்கே திட்டு. பன்னி என்ன தின்றது என்று யாரும் கேட்பதில்லை.

வளர்ப்பவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. வீட்டுக்குப் பின்னால் கூட்டில் நிற்கும் இரண்டு பன்னிகள்தான் சில குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். தாய்ப்பன்னியின் சினைக்காலம் 114 நாள்கள். அதாவது 3 மாதம், 3 வாரம், 3 நாள். அவ்வளவு காத்திருந்து கிடைத்த குட்டிகள், பால் மறந்த சில நாள்களிலேயே கழிச்சலில் சுருண்டு விழுந்தால் அந்தக் குடும்பத்தின் கணக்கே தப்பிவிடும்.

ஏன் அந்த நேரத்தில்? பாலிலிருந்து திடீரெனத் தீவனத்துக்கு மாறும்போது குட்டியின் குடல் உட்சுவர் பலவீனமாகிறது. ஈ.கோலை போன்ற கிருமிகள் அந்தச் சமயம் பார்த்துப் பெருகுகின்றன. இதைத் தடுக்க உலகமெங்கும் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்தார்கள். விளைவு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகின. அவை மனிதர்களுக்கும் ஆபத்து. அதனால் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006-ல் ஐரோப்பிய யூனியன் தடை செய்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு கொலிஸ்டின் மருந்து தருவதை 2019-ல் இந்தியா தடை செய்தது.

அப்படியானால் மாற்று என்ன? அதில் ஒன்றுதான் ப்ரீபயாடிக் நார்ச்சத்து. தயிரில் இருப்பது நல்ல கிருமி என்றால், அந்தக் கிருமிக்குப் போடும் சாப்பாடுதான் ப்ரீபயாடிக். 1995-ல் வந்த பெயர் இது. பன்னியால் செரிக்க முடியாத இந்த நார், பெருங்குடலில் நல்ல கிருமிகளுக்கு உணவாகிறது. அவை உண்டாக்கும் பியூட்ரிக் அமிலம் குடல் சுவரின் செல்களுக்குச் சக்தி தருகிறது. குடலில் அமிலத்தன்மை கூடுவதால் கெட்ட கிருமிகளின் ஆட்டமும் குறைகிறது.

கறிக்கும் இதில் பங்கு உண்டு. பன்னிக் கொழுப்பில் சில சமயம் வரும் சாண வாடைக்குக் காரணம் ஸ்கடோல் என்ற பொருள். பெருங்குடலில் புரதம் சிதையும்போது உண்டாகி, ரத்தம் வழியாகக் கொழுப்பில் போய்த் தங்கும். சிக்கரி வேரைத் தீவனமாகக் கொடுத்தபோது இது குறைந்ததாக ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. நம் ஃபில்டர் காபியில் கலக்கும் அதே சிக்கரிதான்! அதன் பச்சை வேரில் இன்யூலின் என்ற நார் நிறைய. அதற்காகக் காபிப்பொடியைக் கொட்டிவிட வேண்டாம். வறுக்கும்போதே இன்யூலின் பெருமளவு சிதைந்துவிடும்.

குமரியில் சிக்கரி தேட வேண்டியதில்லை. தேங்காய்ப் புண்ணாக்கில் மேனன் வகை நார் இருக்கிறது. தவிட்டிலும் நார் உண்டு. ஆனால் அளவு முக்கியம். நார் கூடினால் தீவனத்தின் சக்தி குறையும், எடையும் ஏறாது. மரச்சீனித் தோலிலும் இலையிலும் சயனைடு இருப்பதால், உலர்த்தியோ வேகவைத்தோதான் கொடுக்க வேண்டும். எவ்வளவு கலப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வதே நல்லது.

இன்னொன்று, ஓட்டல் கழிவு. செலவில்லாத தீவனம்தான். ஆனால் அதிலுள்ள எண்ணெய் அப்படியே பன்னியின் கொழுப்பில் தெரியும். கொழுப்பு கொழகொழவென்று ஆகிவிடும். வேகவைக்காத கழிவு வழியே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் பரவலாம். 2020-ல் அசாமில் தெரியவந்து, 2022-ல் பக்கத்து கேரளாவின் வயநாடு வரை வந்த நோய் அது. மனிதர்களுக்குத் தொற்றாது, ஆனால் பன்னிகளுக்கு வந்தால் மருந்தே கிடையாது. கூடு முழுவதும் காலியாகிவிடும்.

எனவே, பண்டிகைக்குக் கறி வாங்கும்போது விலையோடு சேர்த்து, "தீவனம் என்ன போட்டிய?" என்றும் கேட்டுப் பாருங்கள். அக்கறையாக வளர்த்தவர் அதற்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.