படத்தின் ஓரத்தில் ஒரு பெயர்

நோயாளிகளைச் சந்திப்பது பங்குக் குருவின் அன்றாடக் கடமைகளுள் ஒன்று. முன்னாளில் நோயாளியின் இல்லத்திற்குச் சென்றால், தலையணையின் கீழிருந்து மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டுவர். இந்நாளில் கைபேசியைத் திறந்து ஸ்கேன் படத்தையே காட்டுகின்றனர். அதில் கறுப்பும் வெளுப்புமன்றி வேறொன்றும் நமக்கு விளங்குவதில்லை. ஆயினும் படத்தின் மேல் ஓரத்திலுள்ள எழுத்துகள் மட்டும் தெளிவாக விளங்கும்: நோயாளியின் பெயர், வயது, மருத்துவமனையின் பெயர், படம் எடுத்த நாள். அச்சிறு எழுத்துகளைக் குறித்தே இம்மாதம் சில சொற்கள் எழுத விழைகிறோம். எழுதத் தூண்டியது நாமே செய்த பிழை ஒன்று. அதற்குரியவரின் இசைவு பெற்றே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பொறுப்பிலிருந்த பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் தமது ஸ்கேன் படத்தை நமக்கு அனுப்பி, தமக்காகச் செபிக்குமாறு கேட்டிருந்தார். பலர் கூடிச் செபித்தால் நலமென்று எண்ணி, அதைப் பங்கின் வாட்ஸ்அப் செபக்குழுவுக்கு அனுப்பத் துணிந்தோம். அவருடைய பெயர் வெளிவரலாகாது என்னும் எச்சரிக்கை நமக்கு இருந்தது. ஆகவே பெயர் இருந்த மேல் ஓரத்தை வெட்டி நீக்கினோம். நமது முன்மதியை நாமே மெச்சிக்கொண்டோம். பிறகு, செபிப்போரின் உள்ளம் உருகவேண்டுமே என்று படத்தின் கீழே இரண்டு வரிகள் சேர்த்தோம். அவருடைய வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவர் வேலை செய்யும் இடம், அவர் சேர்ந்த அன்பியம் ஆகிய நான்கும் அவ்வரிகளில் இருந்தன.

அன்று மாலைக்குள் ஆறுதல் சொல்ல மூவர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். வீட்டிலிருந்த மாமியாருக்கே அதுவரை செய்தி தெரியாது.

ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் சென்ற பின்பு அவர் வந்தார். "சாமி, நான் செபம்தான் கேட்டேன். என் வயிற்றுக்குள் இருப்பதை ஊரெல்லாம் பார்க்கவேண்டுமென்று கேட்கவில்லையே" என்றார். பெயரை நீக்கிவிட்டுத்தானே அனுப்பினோம் என்று சொல்ல வாயெடுத்தோம், சொல் எழவில்லை. இதனினும் பெரிய தீங்கு பிறகே தெரியவந்தது. மருத்துவர் குறித்த நாளில் இரண்டாம் ஸ்கேனுக்கு அவர் செல்லவில்லை. பேருந்துக்கு நின்றால், "ஸ்கேனுக்கா போகிறாய்?" என்று கேட்பார்களே என்னும் கூச்சமே காரணம். ஆறு வாரங்கள் வீணாயின. நோயைக் குறித்த அடக்கம் காக்கப்படாவிடில், நோயாளி மருத்துவத்தையே தவிர்த்துவிடுவார் என்பதை அன்று கற்றோம்.

மனம் தாளாமல், மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் பிரிவில் நெடுநாள் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவரிடம் நடந்ததைச் சொன்னோம். "பெயரை நீக்கினால் ஆளையே நீக்கிவிட்டதாக எண்ணுவது எல்லாரும் செய்யும் தவறுதான், ஃபாதர்" என்று கூறி, அவர் விளக்கியவை நமக்குப் புதியனவாயிருந்தன.

ஸ்கேன் என்பது வெறும் படமன்று. தன்னுள்ளே ஒரு பதிவேட்டையும் சுமந்து செல்லும் கோப்பு. அமெரிக்க ஊடுகதிர் மருத்துவர் கல்லூரியும் அந்நாட்டு மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1985-இல் வெளியிட்ட பொதுமுறை ஒன்று வளர்ந்து, 1993 முதல் 'டைகாம்' என்னும் பெயரால் உலகெங்கும் வழங்கிவருகிறது. இம்முறைப்படி அமைந்த கோப்பில் நோயாளியின் பெயர், அடையாள எண், பிறந்த நாள், பால், படம் எடுத்த நாளும் நேரமும், மருத்துவமனை, அனுப்பிய மருத்துவர் முதலியவை தனித்தனி இடங்களில் பதியப்படுகின்றன. இது வீண் ஆசையால் செய்ததன்று. ஒருவரின் படம் மற்றொருவரின் படமாகக் கருதப்பட்டால் உயிருக்கே கேடு விளையுமல்லவா? ஆகவே மருத்துவமனைக்குள்ளே பெயரும் படமும் பிரியாதிருப்பதே நோயாளிக்குக் காவல்.

ஆனால் அதே படம் மாணவர்க்குப் பாடமாகவோ, ஆராய்ச்சிக்காகவோ, நோயைக் கண்டறியக் கணினியைப் பழக்குவதற்காகவோ வெளியே செல்லும்போது, அப்பெயர் அங்கே தேவையில்லை. எனவே அனுப்பும் முன்னரே பெயரிருக்கும் இடத்தை வெறுமையாக்கி, அதற்கு ஈடாக ஒரு குறியெண்ணை இடுகின்றனர். எந்தக் குறியெண் யாருக்குரியது என்னும் பட்டியலைத் தனியே பூட்டிவைக்கின்றனர். படம் எடுத்த நாள்களையும் விட்டுவிடுவதில்லை. ஒரு நோயாளியின் எல்லாப் படங்களின் நாள்களையும் ஒரே அளவாக முன்னோ பின்னோ நகர்த்தும் வழக்கமுண்டு. இதனால் உண்மை நாள் மறையும்; இரு படங்களுக்கு இடைப்பட்ட கால அளவோ மாறாது. நோய் வளர்ந்ததா, தணிந்ததா என்று அறிய அந்த இடைவெளியே போதுமானது.

இத்துடன் வேலை முடிவதில்லை. அல்ட்ராசவுண்டு போன்ற படங்களில் பெயர் படத்தின்மீதே பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. துணியில் ஒட்டிய சீட்டைப் பிரித்தெடுக்கலாம். துணியோடு சேர்த்து நெய்த பெயரை எப்படிப் பிரிப்பது? அவ்விடத்தைத் தேடிப் பிடித்துக் கறுப்பாக மறைக்கவேண்டும்.

தலையை எடுத்த ஸ்கேனிலோ பெயரே வேண்டியதில்லை. நுண்ணிய வெட்டுப் படங்களைக் கணினியில் ஒன்றுசேர்த்தால் மூக்கும் கன்னமும் உதடுமாக முகமே எழுந்துவிடும். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தன்னார்வலர் 84 பேரின் தலை எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகங்களை உருவாக்கி, முகமறியும் மென்பொருளிடம் அவர்களுடைய புகைப்படங்களோடு ஒப்பிடக் கொடுத்தபோது, நூற்றுக்கு 83 பேர் வீதம் அது சரியாகக் கண்டுகொண்டதாம். ஆகவே இத்தகைய படங்களில் மூளையை விட்டுவிட்டு முகப்பகுதியை மட்டும் அழிக்கும் முறையும் தோன்றியுள்ளது.

அருட்சகோதரி கூறிய மற்றொரு நிகழ்ச்சியே நம்மை மிகவும் தைத்தது. 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆராய்ச்சிக்கென வழங்கினர். இனி யாரையும் அடையாளம் காண இயலாது என்று நம்பினர். அந்நாளில் மாணவியாயிருந்த லத்தான்யா ஸ்வீனி என்பவர் வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கினார். பிறந்த நாள், பால், அஞ்சல் எண் ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டெடுத்துவிட்டார். மூன்று குறிப்புகளே ஆளுநரைக் காட்டிக்கொடுத்தன என்றால், நாம் எழுதிய நான்கு குறிப்புகள் ஓர் ஏழைத் தாயைக் காட்டிக்கொடுத்ததில் வியப்பென்ன?

அன்றிரவு மாற்கு நற்செய்தியைத் திறந்தோம். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணை அங்கே காண்கிறோம். அவள் எத்தனை ஆண்டு வருந்தினாள், மருத்துவரிடம் எவ்வளவு பாடுபட்டாள், கைப்பொருள் அனைத்தையும் எவ்வாறு இழந்தாள் என்பனவெல்லாம் எழுதப்பட்டுள்ளன. பெயர் இல்லை, ஊர் இல்லை, உறவினர் இன்னாரென்னும் குறிப்புமில்லை. அவளிடமிருந்து நாம் கற்கவேண்டியது அனைத்தும் நமக்குக் கிட்டியிருக்கிறது. அவளைத் தேடிப் போக மட்டும் வழியில்லை. அதே நற்செய்தியில் பேதுருவின் மாமியாரையும் காண்கிறோம். அவருக்கும் பெயர் எழுதப்படவில்லை. ஆனால் மருமகன் யார், வீடு எது, ஊர் எது என்று எல்லாம் தெரிகிறது! காய்ச்சல் வெட்கத்துக்குரிய நோயன்று. ஆதலால் அங்கே குறையொன்றுமில்லை. பெரும்பாடோ, அந்நாளைய வழக்கப்படி தீட்டு எனப்பட்டு, மக்களிடமிருந்து ஒருவரை விலக்கிவைத்த நோய். நாம் செய்த பிழை இப்போது விளங்கிற்று. மறைக்கவேண்டிய நோயுள்ள ஒருவரை, பேதுருவின் மாமியாரைப் போல் முகவரியோடு எழுதிவிட்டோம்.

நமக்கு இதில் கூடுதல் பொறுப்புண்டு. பாவசங்கீர்த்தன இரகசியம் எத்துணைப் புனிதமானது என்று குருமடத்தில் ஆண்டுக்கணக்காகப் பயின்றோம். அப்பெண்மணி நம்மிடம் சொன்னது பாவசங்கீர்த்தனமன்று என்பது உண்மையே. ஆயினும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220-ஆம் சட்டம், எவருடைய நற்பெயரையும் முறையின்றிக் கெடுக்கலாகாது என்றும், எவருடைய அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையையும் மீறலாகாது என்றும் விதிக்கிறது. நாட்டின் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இதனால், எந்தப் படத்தையும் எவருக்கும் காட்டலாகாது என்று நாம் சொல்லவில்லை. நோயுற்ற ஒருவர் மனமுவந்து தம் படத்தைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தந்தால், முகமறியாத வேறொரு நோயாளிக்கு அது உயிர் தரலாம். அதுவும் ஒரு பிறரன்புச் செயலே. ஆனால் கொடுப்பவர் அவராக இருக்கவேண்டும். அவர் சார்பில் நாம் வாரி வழங்கலாகாது.

அன்பர்களே, உங்கள் கைபேசிகளிலும் தாயின் படமோ தம்பியின் படமோ இருக்கக்கூடும். உறவினர் குழுவுக்கு அனுப்புமுன் அவரைக் கேளுங்கள். இரண்டாம் கருத்து நாடி மருத்துவருக்கு அனுப்புவதாயின் முழுமையாக, அவருக்கு மட்டும் அனுப்புங்கள். செபம் கேட்க விரும்பினால், "நோயுற்றிருக்கும் ஒருவருக்காக" என்று சொன்னால் போதும். தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆயருக்கு, அவர் யாரென்று நாம் விளக்கவேண்டியதில்லை.

அப்பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டோம், மன்னித்தார். தவறிய ஸ்கேனுக்கு அந்த அருட்சகோதரியே நாள் குறித்துக்கொடுத்தார். முடிவு என்னவாயிற்று என்று அறிய வாசகர்கள் விரும்பக்கூடும். அது அவருக்குரியது, இங்கே எழுதமாட்டோம்.