வேலூரில் விழித்திருந்தவர்கள்

பயணக் கட்டுரை என்றவுடன் மலையும் அருவியும் திருத்தலமும் நினைவுக்கு வருதல் இயல்பு. நான் எழுதப் புகுவதோ, எவரும் விரும்பி மேற்கொள்ளாத ஒரு பயணத்தைப் பற்றியது. 2023-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், இரத்தப் புற்றுநோயால் நலிவுற்ற என் அண்ணனை அழைத்துக்கொண்டு வேலூருக்குச் சென்றேன். மூன்று நாட்களில் திரும்பிவிடலாம் என்றெண்ணி, பங்கில் திருப்பலி நிறைவேற்ற மூன்று நாட்களுக்கே வேறொரு குருவை ஏற்பாடு செய்திருந்தேன். ஆனால் 23 நாட்கள் தங்க நேர்ந்தது. அந்நாட்களில் நான் கற்ற பாடம், குருமடத்தில் பயின்ற நூல்கள் எவற்றிலும் எனக்குக் கிட்டாத ஒன்று.

வேலூர் பழம்பெருமை வாய்ந்த நகர். விசயநகர காலத்துக் கருங்கற் கோட்டையும், அதனைச் சூழ்ந்த அகழியும், 1806-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வரலாறும் அதற்குண்டு. எனினும் காட்பாடி நிலையத்தில் இரயிலைவிட்டு இறங்குவோரின் கைகளைப் பார்த்தால், அவர்களுள் பலர் கோட்டையைக் காண வரவில்லை என்பது தெளிவாகும். எக்ஸ்ரே படங்கள் அடங்கிய பெரிய உறை ஒரு கையில். பாத்திரமும் போர்வையும் கட்டிய மூட்டை மறு கையில். வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து இரண்டு இரவுகள் பயணம் செய்து வந்தவர்கள் அவர்கள். யாவரும் தேடி வருவது ஒன்றையே: கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அம்மருத்துவமனை தோன்றிய வரலாற்றை நம்மில் பலர் அறிவோம். திண்டிவனத்தில் மறைபரப்பாளராக இருந்த தந்தையிடம் வந்திருந்தார் ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க இளம்பெண். ஓர் இரவு, வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் துடித்த தம் மனைவியருக்கு உதவும்படி அவரை வேண்டினர். மருத்துவம் அறியாத அவரால் உதவ இயலவில்லை. ஆண் மருத்துவரை அழைத்துச் செல்ல அவர்களுடைய வழக்கம் இடந்தரவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபட்டனர். அந்த இரவே அவரை மருத்துவம் பயிலத் தூண்டியது. 1900-ஆம் ஆண்டு மருத்துவராகத் திரும்பிவந்து, ஒற்றைப் படுக்கையோடு தம் பணியை வேலூரில் தொடங்கினார்.

இவ்வரலாற்றை நான் மறையுரைகளில் பன்முறை கூறியிருக்கிறேன். இறந்த மூன்று பெண்களுக்காகவும் இரங்கியிருக்கிறேன். உதவி கிடைக்காமல் இருட்டில் வீடு நோக்கி நடந்த அந்த மூன்று ஆடவரை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களை எண்ண வைத்தது, மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் தெருக்கள்தாம்.

அத்தெருக்களில் கடைப் பலகைகள் வங்க எழுத்திலும் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கும். மருந்துக் கடை, பழக் கடை, கோரைப்பாயும் வாளியும் பிளாஸ்க்கும் விற்கும் கடை, கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் உணவகம் என நெருங்கி நிற்கும். இவற்றின் ஊடே தங்கும் விடுதிகள். அவற்றின் அறைகளில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்ளலாம்; பாத்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கும். அங்குக் குடியிருப்போர் நோயாளிகளின் உடனிருப்போர்: தாய், தந்தை, கணவர், மனைவி, பள்ளியை விட்டு வந்த பிள்ளை. ஒரு வாரத்துக்கென வந்து ஆறு மாதம் தங்கிவிட்டவர்களும் உண்டு. காலையில் மருத்துவமனை வாயிலை நோக்கி விரையும் அக்கூட்டத்தில் நோயாளி யார், உடனிருப்பவர் யார் என்று சில வேளை முகத்தைக்கொண்டு கூற இயலாது.

பாபு ராவ் தெருவுக்கு அருகில் ஒரு விடுதியின் இரண்டாம் மாடியில் எங்களுக்கு அறை கிடைத்தது. அண்ணியார் பகலில் அண்ணனோடு இருப்பார், இரவில் நான். முதல் வாரம் முழுவதும் நான் ஊக்கத்தோடு இருந்தேன். செபமாலை சொன்னேன், அடுத்த படுக்கைகளில் இருந்தோர்க்கும் ஆறுதல் கூறினேன். பத்தாம் நாளுக்குமேல் என்னுள் ஏதோ ஒன்று தளர்ந்தது. படுத்தாலும் உறக்கம் வராது. கைப்பேசி ஒலித்தால் நெஞ்சு படபடக்கும். திருப்புகழ்மாலையைக் கையில் எடுத்தால் எழுத்துக்கள் தெரியும், பொருள் விளங்காது.

பதினான்காம் நாள் இரவு, அண்ணன் கை நடுங்கிக் கஞ்சியைப் படுக்கையில் கொட்டிவிட்டார். "ஒரு கிண்ணத்தைப் பிடிக்கக்கூட முடியாதா?" என்று நான் சீறினேன். சிறுவயதில் என்னைத் தோளில் சுமந்து பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் அவர். ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விரிப்பை மாற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் வந்து நின்றேன். அப்பொழுது என் மனத்தில் எழுந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்: "இது எப்படியாவது முடிந்தால் போதும்." எப்படி முடிந்தால்? அதன் பொருளை உணர்ந்தபொழுது என்னையே நான் வெறுத்தேன்.

அந்தத் தாழ்வாரத்தில்தான் என் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் நினைவுக்கு வந்தார். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன். பக்கவாதத்தால் படுக்கையுற்ற கணவரை அவர் ஆறு ஆண்டுகள் பேணினார். ஒருநாள் கோவில் திண்ணையில், "சாமி, சில நாள் இவர் போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது" என்றார். நான், "அப்படியெல்லாம் நினைக்கலாமா அம்மா? சிலுவையைப் பொறுமையாகச் சுமக்க வேண்டும்" என்று சொல்லி, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் சிலுவையைச் சுமந்துகொண்டுதான் இருந்தார். ஆறு ஆண்டுகளாக ஒரு நாளும் முழு இரவு உறங்காதவர் என்பதை நான் கேட்டறியவில்லை. அதன்பின் அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

மறுநாள் விடுதி மாடிப்படியில் சோர்ந்து அமர்ந்திருந்தேன். அடுத்த அறையில் இருந்த வங்காளப் பெரியவர் அருகில் வந்து அமர்ந்தார். சிறுநீரகம் பழுதுற்ற மகனுக்காக ஐந்து மாதங்களாக அங்குத் தங்கியிருந்தவர். வேலூரில் கற்ற தமிழில், "ஃபாதர், நீங்க தூங்கலை" என்றார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று அதுவரை எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருந்தனர். என்னைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவரே. பிறகு அந்த மாடியின் வழக்கத்தை விளக்கினார். அங்கிருந்த ஏழு அறையினரும் முறை வைத்துச் சமைத்தனர். யாரேனும் ஒருவர் மிகவும் தளர்ந்துவிட்டால், அவருடைய நோயாளிக்கு அருகே வேறோர் அறைக்காரர் சில மணி நேரம் சென்று அமர்வார். இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும், ஒருவர் மொழியை ஒருவர் அரைகுறையாக அறிந்தவர்களும், தமக்குள் அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அன்று பிற்பகல் அவரே அண்ணனுக்கு அருகில் இருந்தார். நான் ஆறு மணி நேரம் உறங்கினேன்.

உறங்கி எழுந்தபின் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து, "நீயும் மனுஷன்தானேடா" என்றார். என்னை எப்பொழுதும் "சாமி" என்றே அழைக்கும் அண்ணியார் அன்று, "தம்பி, எனக்கும் அப்படித்தான் கோபம் வருகிறது, சொல்லப் பயந்தேன்" என்று கூறி அழுதார். இருவரும் ஒரே சுமையை ஒருவர்க்கொருவர் தெரியாமல் சுமந்திருக்கிறோம்!

அண்ணனைக் கவனித்த மருத்துவர் ஒருவரிடம் இதுபற்றிப் பேசினேன். அவர் வியப்படையவில்லை. நீண்ட நோயாளியைப் பேணுவோர்க்கு உறக்கமின்மை, காரணமின்றி எரிச்சல், தலைவலி, எதிலும் பற்றின்மை, குற்ற உணர்வு ஆகியவை வருதல் பொதுவானது என்றார். அன்பர் உயிரோடிருக்கும்பொழுதே அவர் பிரிவை எண்ணி மனம் துயருறுவதும் உண்டு. 1944-ஆம் ஆண்டிலேயே எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் இதற்குப் பெயரிட்டு எழுதியிருக்கிறார். துன்பம் முடியட்டும் என்று மனம் விரும்புவது, அன்புக்குரியவர் இறக்கட்டும் என்று விரும்புவது ஆகாது. களைப்பு மிகும்பொழுது இரண்டும் ஒன்றுபோல் தோன்றும் என்று அவர் விளக்கினார்.

வேலூரின் தென்புறத்தில் பாகாயம் என்னும் பகுதி உள்ளது. அதே மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் அங்குதான் இருக்கிறது. மனநோயாளியைத் தனியே விட்டுச் செல்லாமல், குடும்பத்தில் ஒருவர் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறையை இந்நாட்டில் முதன்முதலாகக் கைக்கொண்ட இடங்களுள் அது ஒன்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1950-களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்தார். 1967-இல் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம், இறக்கும் தறுவாயில் இருப்போரோடு அவர்தம் குடும்பத்தாரையும் பேணியது. நோய் ஒருவர் உடலில் இருந்தாலும், அதன் வேதனை வீடு முழுவதும் பரவும் என்பதை உணர்ந்தவர்கள் இவர்கள்.

மருத்துவமனை வளாகத்தில் உள்ள சிற்றாலயத்தில் அன்று மாலை அமர்ந்து, ஆண்டவருடைய பாடுகளை மீண்டும் வாசித்தேன். கெத்சமனித் தோட்டத்தில் தம்மோடு விழித்திருக்கும்படி இயேசு கேட்டும் சீடர்கள் உறங்கிவிட்டதை நான்கு பேரில் மூன்று நற்செய்தியாளர்கள் எழுதியுள்ளனர். ஆனால் மருத்துவர் என்று திருச்சபை மரபு கூறும் லூக்கா மட்டும் காரணத்தையும் சேர்க்கிறார்: அவர்கள் துயரத்தினால் சோர்ந்து தூங்கினார்கள். முப்பது ஆண்டுகளாக அச்சீடர்களைக் குறைகூறி வந்த நான் அன்று தலைகுனிந்தேன்.

யோவான் நற்செய்தியில் மற்றொன்றைக் கண்டேன். சிலுவையில் தொங்கும் இயேசு, தமக்கு அருகே நிற்கும் தாயைப் பார்க்கிறார். அவரை அன்புச் சீடரிடம் ஒப்படைக்கிறார். இறந்துகொண்டிருப்பவரே, தம்மருகில் நிற்பவருக்கு ஒரு வீட்டையும் ஒரு துணையையும் ஏற்பாடு செய்கிறார். சிலுவையடியில் நிற்பவரும் கவனிக்கப்பட வேண்டியவர் என்பதை ஆண்டவர் தம் கடைசி மணி நேரத்தில் கற்பித்துவிட்டுச் சென்றார். அப்பாடத்தை ஒரு விடுதியின் இரண்டாம் மாடியினர் கடைப்பிடித்தனர். என் பங்கு கடைப்பிடிக்கவில்லை.

அண்ணன் ஊர் திரும்பி, அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் தம் வீட்டிலேயே இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்த மறுவாரம், அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். கணவரை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இனி இன்னொருத்தி வந்து சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள் சாமி" என்றார்.

இப்பொழுது எங்கள் பங்கில் நீண்டகால நோயாளிகள் உள்ள 11 வீடுகளுக்கும், அன்பியங்களிலிருந்து வாரம் ஒருமுறை ஒருவர் செல்கிறார். பழம் கொடுத்துச் செபம் சொல்லிக் கால்மணி நேரத்தில் திரும்புவதற்கன்று. மூன்று மணி நேரம் நோயாளியருகே இருப்பதற்கு. அந்நேரத்தில் வீட்டார் உறங்கலாம், பூசைக்கு வரலாம், கடைவீதிக்குச் செல்லலாம். இம்முறைப் பட்டியலை எழுதி நடத்துபவர் அந்தத் தாய்தான்.

அன்புக் குடும்பங்களே! உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால், உங்கள் களைப்பை விசுவாசக் குறைவு என்று எண்ணாதீர்கள். உண்ணுங்கள், உறங்குங்கள், உதவி கேட்கத் தயங்காதீர்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையுற்றோர்க்கு வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். உறக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ, வெட்கப்படாமல் மருத்துவரை நாடுங்கள். நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

உங்கள் அண்டை வீட்டில் நோயாளி இருந்தால், அவர் நலத்தை விசாரித்தபின் புறப்பட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்துவிட்டவரைப் பார்த்து, "நீங்கள் தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சிறிது நேரம் அங்கேயே அமருங்கள்.