பன்னிரண்டு முட்டையும் ஒரு கூமுட்டையும்

ஆபீசுக்குப் பத்து நிமிஷம் லேட்டாகப் போய், மானேஜர் முறைக்கும்போது, "முட்டையைத் திருப்பி வெச்சுட்டு வந்தேன் சார்" என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறீர்களா? நான் சொல்லியிருக்கிறேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவது..?" என்று இழுத்தார் அவர். நல்ல மனுஷர்.

விஷயம் இதுதான். அப்பா தவறிய பிறகு, மணப்பாறைப் பக்கம் கிராமத்தில் தனியாக இருந்த அம்மாவைத் திருச்சிக்கு அழைத்து வந்தேன். 'அழைத்து வந்தேன்' என்பது நாகரிகமான வார்த்தை. "தனியா இருந்து என்ன செய்யப் போறே?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டேன். அம்மாவின் கோழிகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. அம்மா எங்கள் இரண்டாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்தாள்.

வந்ததிலிருந்து அம்மா பேசுவது குறைந்துபோனது. காலையில் "சாப்டியா?", ராத்திரி "சாப்டியா?" மற்ற நேரமெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து, எதிர் ஃபிளாட்டின் தண்ணீர் டேங்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தெர்மகோல் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன்... வீட்டிலேயே கோழிக்குஞ்சு! உடனே எனக்குள் இருந்த விஞ்ஞானி சிலிர்த்து எழுந்தான். "உங்களுக்கு ஃபேன் ரெகுலேட்டரே மாட்டத் தெரியாதே..." என்று நினைவூட்டினாள் சகதர்மிணி. விஞ்ஞானிகளின் வீடுகளில் இதெல்லாம் சகஜம்.

தெர்மகோல் பெட்டி மீன் மார்க்கெட்டில் கிடைத்தது. அன்றிலிருந்து தெருப் பூனைகள் நம் வாசலில் ஆஜர். அடுத்தது பல்பு. எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், போதுமான சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். நாலு கடை ஏறி இறங்கினேன். "இந்தக் காலத்துல இதையா கேக்கறீங்க?" என்று பரிதாபப்பட்டு, பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார் ஐந்தாவது கடைக்காரர். சூடு கூடினால் பல்பை அணைத்து, குறைந்தால் போடுவதற்கு ஒரு தெர்மோஸ்டாட். காற்று சுற்றிவர, பழைய கம்ப்யூட்டரின் ஃபேன். ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். தீர்ந்தது!

உள்ளே 37.5 டிகிரி இருக்க வேண்டும். ஃபாரன்ஹீட்டில் 99.5. எனக்கு அந்தச் சூடு இருந்தால் மெடிக்கல் லீவ் போட்டுவிடுவேன்.

கடை முட்டை இதற்கு ஆகாது. முட்டைப் பண்ணைகளில் பெட்டைகளோடு சேவலை விடுவதில்லை. அந்த முட்டை ஆம்லெட்டுக்குத்தான் லாயக்கு. ஊருக்குப் போய், அம்மாவின் பழைய கோழிகள் இட்ட 12 முட்டைகளைப் பக்கத்து வீட்டில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

அம்மா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "கோழி இல்லாம குஞ்சா?" என்றாள். உள்ளே போய் ஓர் ஆணியும் கரித்துண்டும் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தாள். "இடி இடிச்சா முட்டை கலங்கிடும்டா." விஞ்ஞானி வாயைத் திறக்கவில்லை.

கோழி அடையில் இருக்கும்போது முட்டைகளை மூக்கால் தள்ளித் தள்ளித் திருப்பிக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு மூக்கு வேறு வேலைக்கு இருப்பதால் கையால்தான் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டேன். காலையும் ராத்திரியும் நான். மத்தியானம்? சகதர்மிணியும் வேலைக்குப் போகிறவள். ஆகவே, அம்மா.

ஏழாம் நாள் ராத்திரி, லைட்டை அணைத்துவிட்டு, ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள். நடுவே ஒரு கறுப்புப் புள்ளி, லேசாக அசைந்தது. "உசிரு ஓடுதுடா!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள் அம்மா. மூன்றில் மட்டும் ஒன்றுமே இல்லை. "கூமுட்டை" என்று எடுத்துத் தனியே வைத்தாள். பாக்கி ஒன்பது.

பதினாறாம் நாள் பகல் பதினொரு மணிக்கு ஆபீசில் என் செல்போன் அடித்தது. அம்மா. திருச்சிக்கு வந்த பிறகு அவளாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி... கரன்ட் போயிடுச்சு. புள்ளைங்க குளிர்ந்துடும்டா."

பர்மிஷன் கேட்டேன். "யாருக்கு சீரியஸ்?" என்றார் மானேஜர். "ஒன்பது பேருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வீட்டில் போய்ப் பார்த்தால், அப்பாவின் பழைய கம்பளி பெட்டியைச் சுற்றியிருந்தது. உள்ளே இரண்டு பாட்டிலில் வெந்நீர். மூடிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள் அம்மா. மூன்று மணிக்குக் கரன்ட் வந்தது. கொஞ்ச நேரக் குளிரை முட்டை தாங்கிவிடும், சூடு எகிறினால்தான் ஆபத்து என்று நான் படித்த பாடத்தை ஒப்பித்தேன். "அதான் வெந்நியை ஆத்தி வெச்சேன்" என்றாள்.

18-ம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரத்தைக் கூட்டினோம். 20-ம் நாள் ராத்திரி பெட்டிக்குள்ளிருந்து 'கீச்'. ஓட்டில் ஒரு பொட்டுக் கீறல். "மூடியைத் தொறக்காதே" என்றாள் அம்மா. படித்த பாடமும் அதையேதான் சொன்னது. திறந்தால் ஈரம் போய், உள்தோல் காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும்.

மறுநாள் லீவ் போட்டேன். சாயங்காலத்துக்குள் ஐந்து குஞ்சுகள். ஆனால், காலையில் கீறல் விட்ட ஒரு முட்டை மட்டும் அப்படியே நின்றது. ராத்திரி ஒரு மணிவரை பார்த்தேன். அம்மா தூங்கிவிட்டாள். பெண்டிங் ஃபைலைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே... மூடியைத் திறந்தேன். நகத்தால் ஓட்டைப் பெயர்த்தேன். நூல் மாதிரி ரத்தம் கசிந்தது. வயிற்றோடு மஞ்சள்கரு இன்னும் உள்ளிழுக்கப்படாமல் இருந்தது. சட்டென்று மூடினேன்.

விடிகாலையில் அது அசையவில்லை.

அம்மா அதை ஒரு துணியில் சுற்றி, ரோஜாத் தொட்டியில் புதைத்தாள். என்னைத் திட்டவில்லை. "நீ நல்லதுதான் நெனச்சே. அதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள். திட்டியிருக்கலாம்.

அன்றைக்கு மேலும் இரண்டு பொரிந்தன. ஒன்று கடைசிவரை ஓட்டைக் கீறவே இல்லை. ஆக மொத்தம் ஏழு.

அட்டைப் பெட்டிக்குள் பல்பின் கீழ் ஏழும் நொய்யரிசி பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "கோழின்னா கிளற மண்ணு வேணும்டா. இங்க டைல்ஸைத்தான் கிளறணும். ஒரு மாசம் போகட்டும், ஊர்ல கொண்டு போய் விட்டுடுவோம்."

கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமலே, "அதுங்களைப் பாத்துக்க அங்க ஒரு ஆள் வேணுமில்ல?" என்றாள்.

'தனியா இருந்து என்ன செய்யப் போறே' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் கை விரல் நகத்தைப் பார்த்தேன்.

"சரிம்மா" என்றேன்.

ஆபீசில் ரிசல்ட் கேட்டார் மானேஜர். "பன்னிரண்டுக்கு ஏழு சார்." கால்குலேட்டரைத் தட்டி, "58 பர்சென்ட். டார்கெட் முடியலையே!" என்றார். "மூணு கூமுட்டை, ஒண்ணு உள்ளேயே போயிடுச்சு சார்." "கணக்கு உதைக்குதே, இன்னொண்ணு?" "அதுல கூமுட்டை நான்தான் சார்" என்றேன்.

அம்மா ஊருக்குப் போய் மூன்று மாசம் ஆகிறது. தினமும் ராத்திரி அவளாகவே போன் செய்கிறாள். பத்து நிமிஷம் பேச்சு. அதில் ஒன்பது நிமிஷம் கோழிகளைப் பற்றி. பத்தாவது நிமிஷத்தில், "சாப்டியா?"