பொட்டல் காடான கதை: அம்மாவோடு குயிலாப்பாளையம் போன ஒரு பொங்கல்!

"பாலைவனப் பக்கம் இருக்கிற பார்க், சீசன் திருவிழா எல்லாம் வெச்சு ஒரு டிராவல் ஸ்டோரி பண்ணும்மா" என்றார் எங்கள் டெஸ்க் சீனியர். ஜெய்சால்மர் பாலைவனத் திருவிழா, கட்ச் பகுதியின் ரண் உத்சவ் என்று இரண்டு பெயர்களையும் அவரே எடுத்துக் கொடுத்தார். டிக்கெட் எடுத்துக் கொடுப்பதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

பொங்கல் லீவுக்கு திண்டிவனத்தில் இருந்தேன். போனில் நான் பேசியதைக் கேட்டுக்கொண்டே கரும்பை வெட்டிக்கொண்டிருந்த அம்மா, "பாலைவனம்தானே? நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ குயிலாப்பாளையம் பக்கத்துல ஒண்ணு இருந்துச்சே" என்றார்.

அம்மாவின் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர் அந்தப் பக்கம். எட்டு வயதில் கடைசியாகப் போனாராம். நடந்து போகும்போது செம்மண் சூடு செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது, வழியில் ஒதுங்க ஒரு பனைமர நிழல்தான் கிடைத்தது. இவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். பெரியம்மா போன பிறகு அந்தத் திசைக்கே போகவில்லை. நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை!

பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் காய்ந்து திரிந்தால் அதுதான் பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஸ்கூலில் இதை மார்க்குக்காகப் படித்தேன். ஒரு நிலம் பாலையாகத் திரிய முடியும் என்றால், திரும்பி வரவும் முடியுமா? அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

முதலில் கல்மரம்

போகிக்கு முதல் நாளே திருவக்கரைக்கு ஒரு நடை போய் வந்துவிட்டோம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கூட்டம் அலைமோதும். அதில் பாதிப்பேர்கூட பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. இந்திய புவியியல் ஆய்வுத்துறை பராமரிக்கும் தேசியக் கல்மரப் பூங்கா இது. மொத்தம் 247 ஏக்கர். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் இங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781-லேயே இவற்றைக் குறித்து வைத்திருக்கிறார்.

மரம் எப்படிக் கல்லாகும்? பெருவெள்ளம் அடித்து வந்த மரங்கள் மணலுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டன. காற்றுப் படாததால் அழுகவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு துளையிலும் மெல்ல மெல்லப் போய் உட்கார்ந்து, கடைசியில் மரம் இருந்த இடத்தில் அதே வடிவத்தில் கல் இருந்தது. அதனால்தான் வருட வளையம்கூட அப்படியே தெரிகிறது. பெரும்பாலான மரங்களில் கிளையோ வேரோ பட்டையோ இல்லை. வேறெங்கிருந்தோ உருண்டு வந்தவை என்பதற்கு அதுதான் சாட்சி.

அம்மா ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தார். 'டங்' என்றது. "விறகுன்னு நெனச்சு யாராச்சும் கோடாலி போட்டிருந்தா?" என்று சிரித்தார். சும்மா சிரிப்பதற்கில்லை. இந்தக் கல்லைத் துண்டு துண்டாக எடுத்துப் போய் விற்ற காலமும் உண்டு. அதனால்தான் இப்போது வேலியும் காவலும்.

இந்தக் கல்மரங்களை மூடியிருந்த மணற்கல் படிவத்துக்குக் 'கடலூர் மணற்கல்' என்று பெயர். குயிலாப்பாளையத்தின் செம்மண் மேட்டுக்கு அடியில் இருப்பதும் இதே படிவம்தான். லேசான, உதிரும் கல். ஒரு நல்ல மழை பெய்தால் கரைந்து ஓடிவிடும்.

கடலே சிவந்த காலம்

மாட்டுப் பொங்கலன்று காலையில் குயிலாப்பாளையத்துக்குக் கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடி திருப்பத்தில் உள்ளே நுழைந்தால் மேடு ஏறத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் கடைகள், காபி ஷாப், வாடகை ஸ்கூட்டர், பருத்தி உடுப்பு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு கீரை வாங்கிக்கொண்டிருந்தார். "இதுவா குயிலாப்பாளையம்?" என்று அம்மா மூன்று முறை கேட்டுவிட்டார்.

டீக்கடை பெஞ்சில் ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். அம்மா தன் பெரியம்மா ஊரைச் சொன்னதும் பேச்சு தானாகக் கிளம்பிவிட்டது.

"அப்போ இங்க இன்னா இருந்துச்சு? பொட்டல்தான். முந்திரியும் பனையும் அங்கொண்ணு இங்கொண்ணு. ஐப்பசி கார்த்திகையில மழை அடிச்சா மேட்டுல இருக்கிற மண்ணெல்லாம் ரத்தமாட்டம் ஓடும். கடலே செவந்து கெடக்கும் கண்ணு."

ஆயா சொன்னது மிகையில்லை. விறகுக்கும் விளைச்சலுக்கும் மரங்களை இழந்த மேடு இது. மேல்மண் போய், மழைநீர் அறுத்து அறுத்துப் பள்ளங்கள் விழுந்துவிட்டன. சில இடங்களில் அந்தச் செம்மண் பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் 'ரெட் கேன்யன்' என்று போட்டோ போடுகிறார்களே, அதேதான். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இந்த மண்ணின் காயம் என்று தெரிந்த பிறகு அங்கே நின்று செல்ஃபி எடுக்க எனக்கு மனசு வரவில்லை. (பொய் சொல்வானேன், ஒன்றே ஒன்று எடுத்தேன்.)

1968 பிப்ரவரி 28 அன்று இந்தப் பொட்டலில்தான் ஆரோவில் நகரத்தின் தொடக்க விழா நடந்தது. 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழிக்குள் போட்டார்கள். வந்து குடியேறியவர்களுக்கு நகரம் கட்டுவதற்கு முன்னால் நிழல் தேவைப்பட்டது. செடி வைத்தால் காய்ந்தது, காயாததை ஆடு தின்றது. அதனால் மரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்தார்கள். நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே மண்கரைகள், ஓடைகளில் தடுப்பணைகள், நடுநடுவே குளங்கள். பெய்யும் மழை மேட்டைவிட்டு இறங்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. பிறகு, எந்த மண்ணிலும் வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா. அதன் நிழலில் நம்மூர் மரங்கள்.

நம்மூர் மரங்களுக்கு விதை எங்கே கிடைத்தது தெரியுமா? கோயில்காடுகளில்! கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு போன்ற இடங்களில், சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காததால் பழைய காடு அப்படியே தப்பித்திருந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். வருடத்தில் பாதி மாதம் மழை இல்லாவிட்டாலும் இலை உதிர்க்காத, தடித்த பச்சை இலைகள் கொண்ட காடு. சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் நீண்டு கிடந்தது, இப்போது திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. கருங்காலி, காயா என்று அதன் மரங்களை வரிசையாகச் சொல்லலாம். அதில் ஒரு மரத்தின் பெயரே பாலை!

தண்ணி ஊத்தினது யாரு?

இந்தக் கதையை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் வெளிநாட்டுப் பெயர்கள்தான் வரும். அவர்கள் உழைப்பு பொய்யில்லை. 1973-ல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காட்டின் அனுபவம்தான் பிறகு சென்னை அடையாறு பூங்கா உருவாகவும் கைகொடுத்தது. ஆனால் டீக்கடை ஆயா கேட்ட கேள்வி அந்தப் பக்கங்களில் இல்லை.

"குழி வெட்டினது யாரு? கொடத்துல தண்ணி தூக்கி ஊத்தினது யாரு? நானு, எங்க நாத்தனாரு, இந்தத் தெருப் பொம்பளைங்கதான். கூலிக்குத்தான் போனோம், இல்லேங்கல. ஆனா நட்ட கை எங்க கை."

"ஆடு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பதினாலு ஆடு வெச்சிருந்தோம். வேலி போட்டுட்டாங்க. மேய்க்க எடமில்ல, வித்துட்டோம். செடி வைக்கறப்போ ஆட்டை வுட முடியாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் அது எங்க ஆடு இல்லியா?"

காட்டைக் கொண்டாடி ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அதை அங்கேயே நோட்டில் அடித்துவிட்டேன்.

2021 டிசம்பரில் ஆரோவில்லின் வட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது எழுந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கலாம். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வேலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்துத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இது மனிதர் நட்ட தோப்பு, சட்டப்படி காடு அல்ல, நகரத் திட்டம் முதலிலிருந்தே இருந்தது என்பது ஒரு பக்க வாதம். ஐம்பது வருடத்தில் தானாக விதைத்துக்கொண்டு வளர்ந்ததைக் காடு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது என்பது மறுபக்கம். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் மரநிழலிலிருந்து வெயிலுக்கு ஸ்கூட்டி வெளியே வந்த நொடியில் முகத்தில் அறைந்த சூடு தெரியும். ஜனவரியிலேயே அப்படி!

புயலும் சும்மா விடவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலில் இங்கே மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. வேகமாக வளர்ந்த அக்கேசியாக்களுக்குத்தான் அடி அதிகம். மெதுவாக வளர்ந்த நாட்டு மரங்கள் நின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பழைய பொட்டலாக இருந்திருந்தால் எவ்வளவு மண் கடலுக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மே மாதத்தில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். பிப்ரவரியில் காட்டுப் பாதைகளில் ஆரோவில் மாரத்தான், 2008-லிருந்து நடந்துவருகிறது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது, ஓடுகிற சந்தோஷத்துக்காக மட்டும் ஓட்டம். பிப்ரவரி 28 விடியற்காலையில் திறந்தவெளி அரங்கில் தீ மூட்டி நகரத்தின் பிறந்தநாள். மாத்ரிமந்திருக்குள் போய் அமர வேண்டும் என்றால் முன்பதிவு அவசியம், தூரத்திலிருந்து பார்க்க விசிட்டர்ஸ் சென்டரில் பாஸ் வாங்கினால் போதும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஆரோவில் தாவரவியல் பூங்காவை விடாதீர்கள். 50 ஏக்கர். பாலைவனம் கேட்ட எங்கள் சீனியருக்காகவே அங்கே ஒரு கள்ளித் தோட்டமும் இருக்கிறது. திரும்பும் வழியில் மரக்காணம் பக்கம் போனால் கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா என்று ஏரியே நிறைந்திருக்கும். பைனாகுலர் கொண்டுபோங்கள், டிரோன் வேண்டாம்.

எங்களுக்கு அன்றைக்கு முக்கியமான சீசன் திருவிழா குயிலாப்பாளையம் மஞ்சுவிரட்டுதான். சாயங்காலம் கொம்பில் வண்ணம் பூசி, கழுத்தில் மாலையும் பலூனும் கட்டி, மாடுகளை ஓட்டி வந்தார்கள். உள்ளூர் பிள்ளைகள், ஆரோவில்காரர்கள், புதுச்சேரிக்குச் சுற்றுலா வந்தவர்கள் என்று கூட்டம். மாடுகள் கிளம்பியதும் ஒரே புழுதி, ஒரே கத்தல். கேமராவைத் தூக்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண்ணை ஆயா கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "நெருங்காத, முட்டிடும்!" என்று தமிழிலேயே திட்டினார். அந்தப் பெண்ணும் "சரி ஆயா" என்று தமிழிலேயே சொன்னாள்.

இருட்டுவதற்குள் கிளம்பினோம். காட்டுப் பாதையில் குறுக்கே போகலாம் என்று நான் எடுத்த முடிவு தப்பு. செம்மண் மணலில் ஸ்கூட்டி சறுக்கி, இரண்டு பேரும் மெதுவாகச் சாய்ந்தோம். அடி ஒன்றும் இல்லை. அம்மா எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்து மேலே பார்த்தார். வானம் தெரியவில்லை, கிளைகள்தான்.

"பெரியம்மா இதைப் பார்க்கலையேடி" என்றார்.

வீட்டுக்கு வந்து பின்கட்டில் காலையும் செருப்பையும் கழுவினார். வாளித் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது. கொட்டப் போனவர் நின்று, அதைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினார்.