படம் வந்தது, சத்தம் வரவில்லை!

வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த பையன், டி.வி. ஒயர்களைத் தானே மாட்டிவிட்டுப் போனான். படம் பளிச்! ரிசீவரோடு சேர்ந்த பெரிய ஸ்பீக்கர்களோ ஊமை. டி.வி.யின் சன்னக் குரல் என் மாமியாருக்குக் கேட்காது. "வாயசைக்கிறதைப் பார்த்துண்டு உட்கார்ந்திருக்கேன்" என்றார் பாவம். போனிலேயே கேட்ட மெக்கானிக், "ரிசீவர் போச்சும்மா, புதுசுதான் வாங்கணும்" என்றார். என் கணவரோ வெளியூரில்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு டி.வி.யின் பின்பக்கம் பார்த்தேன். ஒரே மாதிரி மூன்று ஹெச்.டி.எம்.ஐ. துளைகள், ஒன்றில் மட்டும் பொடி எழுத்தில் 'ஏ.ஆர்.சி.'. 2009-ல் வந்த வசதி இது. ரிசீவரிலிருந்து டி.வி.க்குப் படம் போகும் அதே ஒயரில், டி.வி.யின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வரும். ஆனால் அந்தத் துளையில் செருகினால்தான்! பையன் பக்கத்துத் துளையில் செருகியிருந்தான்.

மாற்றினேன். அப்போதும் மௌனம். ஒயரைக் கழற்றியதும் டி.வி., சத்தத்தைத் தன் ஸ்பீக்கருக்கே மாற்றிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் அதை 'ரிசீவர்' என்று மாற்றி, 'சி.இ.சி.' ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்தேன். கூடமெங்கும் வீணை!

"காது திரும்பி வந்தாப்பல இருக்குடி" என்றார் மாமியார்.

சகோதரிகளே, ஒயரைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள். புதுசு வாங்கப் பணம் எடுக்குமுன், துளையைப் பாருங்கள்!